எடிட்டருக்குத் தெரியாத ஆப்ஷன்: நிறுத்துவதா, எச்சரிப்பதா?

பட்டர்வொர்த்_தம்பி:
பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஓர் அச்சகத்தில் வேலை. கல்யாண கார்டு வாசகங்களுக்காக நானே பைத்தான் நிரல்மொழியில் ஒரு சின்ன எடிட்டர் எழுதினேன். அதைத் திறக்கும் கட்டளையில் சேர்க்கும் ஆப்ஷன்கள்கூடத் தமிழில்தான். ‘--வாசிப்பு’ என்று கொடுத்தால் கோப்பைப் பார்க்கலாம், மாற்ற முடியாது.

போன வாரம் நான் ஃபோனில் சொல்லச் சொல்ல, முதலாளியம்மா ஐகானுக்குள் இருக்கும் கட்டளையில் ‘--வாசிபு’ என்று அடித்துவிட்டார். ஓர் ஒற்றுதான் குறைந்தது. எடிட்டர் வாயே திறக்காமல் கோப்பைச் சாதாரணமாகத் திறந்துவிட்டது. பூட்டியிருக்கிறது என்ற தைரியத்தில் அவர் கீபோர்டைத் துணியால் துடைக்க, முகூர்த்தம் 9.30 என்பது 9.330 ஆகிவிட்டது. தானாகச் சேமிக்கும் வசதி வேறு வைத்துத் தொலைத்திருந்தேன். 200 கார்டு அச்சான பிறகுதான் பார்த்தோம்.

தெரியாத ஆப்ஷன் வந்தால் விம் என்ற எடிட்டர் பிழையைச் சொல்லி நின்றுவிடுகிறது. விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எடிட்டர் எச்சரித்துவிட்டுத் திறந்துகொள்கிறது. நான் எதைப் பின்பற்றுவது?

பிரிக்பீல்ட்ஸ்_50470:
ஆப்ஷன்களைப் படிக்க, பைத்தானில் உள்ள பார்ஸ்_நோன்_ஆர்க்ஸ் போட்டிருப்பீர்கள். அது தெரியாததைத் தனிப் பட்டியலாக ஒதுக்கித் தரும். அதை நீங்கள் பார்க்காவிட்டால் போச்சு. பார்ஸ்_ஆர்க்ஸ் என்று மாற்றுங்கள். பிழையைச் சொல்லி, தோல்வி என்று காட்டும் 2 என்ற குறியீட்டோடு வெளியேறும்.

நிறுத்துவதுதான் சரி. எழுத்து நிறத்துக்கான ஆப்ஷன் தப்பினால் பரவாயில்லை, பூட்டு தப்பினால் ஆபத்து. ஆனால் அடித்தவர் எதை நினைத்து அடித்தார் என்று எடிட்டருக்கு எப்படித் தெரியும்?

பட்டர்வொர்த்_தம்பி:
மாற்றினேன். கட்டளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தில் அழகாகச் சொல்கிறது. ஐகானைச் சொடுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை. “இப்ப திறக்கவே மாட்டேங்குதே தம்பி” என்கிறார் முதலாளியம்மா.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:
தம்பி, பிழைச் செய்தி டெர்மினலுக்குத்தான் போகும். ஐகானுக்குப் பின்னால் டெர்மினல் ஏது? ஆப்ஷன்களைப் படிக்கும் ஆர்கியூமென்ட்பார்சரின் எர்ரர் முறையை மாற்றி எழுதி, பைத்தானில் சாளரங்கள் காட்ட உதவும் டிகின்டரில் ஒரு பெட்டி காட்டுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் டிஃப்லிப்பில் கெட்_குளோஸ்_மேட்சஸ் இருக்கிறது, நெருங்கிய பெயரை அதுவே எடுத்துக் கொடுக்கும்.

இன்னொன்று. தமிழ் ஆப்ஷன் என்பதால் சொல்கிறேன். ‘கொ’வை, கணினி எழுத்துக் குறியீடான யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், பார்வைக்கு ஒன்றேதான். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், சரியாக அடித்தவரையும் உங்கள் எடிட்டர் திட்டும்.

பட்டர்வொர்த்_தம்பி:
பெட்டி வந்துவிட்டது அக்கா. ‘--வாசிபு தெரியாது. --வாசிப்பு என்பதையா சொல்கிறீர்கள்?’ என்று கேட்கிறது. “ஆமான்னு எங்கே அமுக்கணும்?” என்கிறார் முதலாளியம்மா.