எம்பிபிஎஸ் முடித்துவிட்டு மானுடவியலில் பிஎச்டி போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொண்டலாம்பட்டி_சிஆர்ஆர்ஐ:
வணக்கம். சேலத்தில் ஹவுஸ் சர்ஜனாக (எம்பிபிஎஸ் கடைசியில் வரும் பயிற்சி டாக்டர்) இருக்கிறேன், மார்ச்சோடு முடிகிறது. கூட இருப்பவர்கள் எல்லாம் நீட் பிஜிக்கு (முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வு) உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு டாக்டர் தொழிலையும் விடாமல், மானுடவியலோ சமூகவியலோ பிஎச்டி வரை படிக்க ஆசை.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒரு அக்கா, மலையாளி என்ற பழங்குடி இனத்தவர், டிபி (காசநோய்) மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சளியில் ரத்தத்தோடு மறுபடி வந்தார். கேஸ் ஷீட்டில் 'மாத்திரையை நிறுத்திவிட்டார்' என்று ஒரே வரி. உட்கார்ந்து பேசினால் வேறு கதை வருகிறது. பழம் பறிக்கிற சீசனில் மலையிறங்கி வந்தால் அன்றைய கூலி போய்விடும், அதோடு வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்து விழுங்கியிருக்கிறார், மாமியார் பார்த்ததும் நின்றுவிட்டது. இதையெல்லாம் முறையாகக் கேட்டு ஆராயக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

அமெரிக்காவில் எம்டியும் பிஎச்டியும் சேர்த்தே படிக்கலாமாமே, நமக்குச் சரிப்படுமா? அப்பாவுக்கு வெள்ளிப் பட்டறையில் வேலை, பெரிய செலவு தாங்காது.

சூரமங்கலம்_டு_பாஸ்டன்:
தம்பி, அந்தக் கூட்டுப் படிப்பு உங்களுக்குப் பொருந்தாது. அங்கே எம்டி என்பது நம் எம்பிபிஎஸ்ஸுக்குச் சமம், அதையே திரும்பப் படிக்க வேண்டியதில்லை. 1964 முதல் என்ஐஎச் (அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) இந்தக் கூட்டுப் படிப்புக்குப் பணம் கொடுக்கிறது, ஆனால் பெரும்பாலும் லேப் ஆராய்ச்சிக்கு, அதுவும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். ஹார்வர்டு போன்ற சில இடங்களில் மானுடவியலோடு சேர்த்துப் படிக்கிறார்கள். ஹெய்ட்டியில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பால் ஃபார்மர் அப்படி வந்தவர்தான். நீங்கள் நேரே மானுடவியல் பிஎச்டிக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். நல்ல பல்கலைக்கழகம் என்றால் ஃபீஸும் கட்டி உதவித்தொகையும் கொடுக்கும். அங்கே வைத்தியம் பார்க்க வேண்டும் என்றால்தான் யுஎஸ்எம்எல்இ என்ற லைசென்ஸ் தேர்வு, ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி எல்லாம்.

அஸ்தம்பட்டி_அக்கா:
அமெரிக்காவுக்கு முன்னால் டெல்லியைப் பாருங்கள். ஜேஎன்யூவில் (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) சமூக மருத்துவத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, டாக்டர்களும் சமூகவியல் படித்தவர்களும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். அதை உருவாக்கிய தேபபர் பானர்ஜியே எம்பிபிஎஸ் முடித்து, பிறகு கார்னெலில் மானுடவியல் படித்தவர். 1960களின் தொடக்கத்தில் பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனத்தில் இருந்தபோது தும்கூர் பக்கத்துக் கிராமங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். போய்க் கேட்டால், நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருந்தார்கள், இருமல் மருந்தைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்! சாதாரண ஆஸ்பத்திரியிலேயே டிபி பார்க்க வேண்டும் என்ற தேசியத் திட்டத்துக்கு இந்த வேலை பெரிய பலம். உங்கள் ஏற்காட்டு அக்கா விஷயமும் இதே வழியில் வருகிற கேள்விதான். நானும் அங்கே படித்தவள், தயங்காமல் போங்கள்.

எஸ்பிஎம்_டாக்டர்:
அக்கா சொல்வது சரிதான், ஆனால் நான் முதலில் பிஜி என்பேன். நம் ஊரில் எம்டி என்பது எம்பிபிஎஸ்ஸுக்குப் பிறகு படிக்கும் பிஜி (முதுநிலை). எம்டி கம்யூனிட்டி மெடிசின் (சமூக மருத்துவம்) மூன்று வருஷம், மாதாமாதம் ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) வரும், வீட்டு நிலைமைக்கு அது முக்கியம். அரசு வேலை கிடைத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தால், அரசு டாக்டர்களுக்குத் தமிழ்நாட்டில் மாநில அரசு நிரப்பும் பிஜி இடங்களில் 50 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் ஒன்று: எங்கள் படிப்பில் கேள்வித்தாள், சதவீதம், பி-வேல்யூ என்று புள்ளிவிவரக் கணக்காகவே ஓடும், ஒருவர் வீட்டுத் திண்ணையில் நாள் முழுக்க உட்கார்ந்து கேட்பதற்குப் பயிற்சி குறைவு. அதற்கு இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தபால் வழியாக எம்ஏ மானுடவியல் இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம், செலவும் குறைவு.

அஸ்தம்பட்டி_அக்கா:
டாக்டர், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தபால் படிப்பில் தியரி வரும், களப்பணிக்குப் பயிற்சி போதாது. கூட ஒரு வழிகாட்டி இருந்து, எழுதிய நோட்டைப் படித்து 'இதை ஏன் கேட்காமல் விட்டாய்' என்று கேட்க வேண்டும். ஆனால் ஸ்டைபெண்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன்.

கொண்டலாம்பட்டி_சிஆர்ஆர்ஐ:
எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஒரு வருஷம் மலைப்பக்கம் ஏதாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே இக்னோவில் சேர்ந்து, அடுத்த வருஷம் ஜேஎன்யூவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். அக்கா, பிஎச்டிக்கு எழுதும் ஆய்வுத் திட்டம் எப்படி இருக்க வேண்டும், உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பலாமா?

அஸ்தம்பட்டி_அக்கா:
தாராளமாக அனுப்புங்க தம்பி. அதற்கு முன்னால் அந்த அக்கா சொன்னதை எல்லாம், பெயர், ஊர் இல்லாமல், மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுங்கள்.