பைபர் போட்டின் பின்பலகை ஊறிவிட்டது: தகடு போதுமா, மாற்றணுமா?

நெட்டுக்குப்பத்தான்:
சுனாமிக்கு மறு வருஷம் அப்பா எடுத்த 28 அடி பைபர் போட்டு. பின்பலகையில் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின் மாட்டி ஓட்டுகிறேன். ஒரு மாதமாக வேகம் கொடுத்தால் இன்ஜின் தலை பின்னால் சாய்கிறது. கரையில் ஏற்றி இரண்டு நாள் ஆனாலும் போல்ட்டு ஓட்டையிலிருந்து டீத்தண்ணி நிறத்தில் கசிகிறது. வெளியே ஒரு கீறல் இல்லை. இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு வைத்து முறுக்கினால் போதும் என்கிறார் ஒருவர். ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு நிற்கிற 61 நாள்தான் எங்களுக்கு நாலு காசு. அந்த நேரத்தில் போட்டைக் கரையில் போட மனசு வரவில்லை.

பழவேற்காடு மச்சான்:
தகடு போட்டேன். முறுக்க முறுக்க போல்ட்டு உள்ளே இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் மாற்றத்தான் செய்தேன்.

காசிமேட்டு ரெசின் கை:
தம்பி, பைபர் அழுகாது, உள்ளும் வெளியும் இருக்கிற பைபர் தோலுக்கு நடுவில் இருக்கிற பிளைவுட்தான் அழுகும். போல்ட்டு ஓட்டையை அடைக்காமல் விட்ட வினை. சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் நல்ல இடம், ‘சொத்’ என்றால் போச்சு. சந்தேகம் இருந்தால் உள்பக்கம் சின்னதாக ஓட்டை போடுங்கள். தூள் கறுத்து ஈரமாக வந்தால் அங்கேயும் போச்சு.

வெட்டுவது உள்பக்கத்திலிருந்து. ஓரத்தில் மூன்று விரல் விடுங்கள். வெளித்தோலைத் தொடவே வேண்டாம், போட்டின் வடிவமே அதில்தான் நிற்கிறது. அதற்கு முன் பலகை உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். இன்ஜின் கால் குட்டையான ஷார்ட் ஷாஃப்ட்டுக்கு 15 அங்குலம், நீளமான லாங் என்றால் 20. உயரம் கூடினால் விசிறி காற்றை இழுக்கும்.

நெட்டுக்குப்பம் என்றால் எண்ணூர்தானே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றில் எண்ணெய் வந்ததே, போட்டு அதில் நின்றதா? நின்றிருந்தால் முதலில் அசிட்டோன், அப்புறம்தான் கிரைண்டர். மாற்றிச் செய்தால் எண்ணெயை உள்ளே தேய்த்துவிடுவீர்கள், ரெசினில் ஊறவைத்து ஒட்டுகிற பைபர் மேட் பிடிக்காது. உங்கள் ஊர்ப் போட்டு ஒன்று அப்படித் தோல் உரிந்து என்னிடமே திரும்பி வந்தது. தப்பு என்னுடையதுதான்.

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 18 மி.மீ. இரண்டு ஒட்டிப் போடலாம். பழைய தடிப்போடு ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள். விளிம்பெல்லாம் ரெசின் குடிக்கணும். ரெசினை இறுக வைக்கக் கலக்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராகச் சேர்க்காதீர்கள், தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது. போல்ட்டு ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, ரெசின் கூழ் அடைத்து, காய்ந்ததும் அதன் நடுவில் திரும்பத் துளையுங்கள். இனி தண்ணி கட்டையைத் தொடாது.

நெட்டுக்குப்பத்தான்:
தட்டிப் பார்த்தேன் அண்ணே. கீழ்ப்பாதி முழுக்க சொத். மேலே ஒரு ஜாண் நன்றாக இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கீழே மட்டும் மாற்றலாமா?

காசிமேட்டு ரெசின் கை:
வேண்டாம். இன்ஜின் கவ்வுவது மேலே, அழுத்துவது கீழே. நடுவில் இணைப்பு வந்தால் அங்கேதான் ஒடியும். முழுசாக மாற்றுங்கள். தடைக்காலத்துக்கு முன்பே முடித்துவிடப் பாருங்கள். மே மாதம் வரை தள்ளினால் விடியற்காலையில்தான் ரெசின் கலக்க முடியும். வெயில் ஏறினால் டப்பாவிலேயே கட்டியாகிவிடும்.