கல்யாணத்தில் முடியாத குறும்படங்கள் வேண்டும்

நண்பர்களே, ஒரு உதவி. அடுத்த மாதம் எங்கள் மொட்டைமாடியில் குவியர் குறும்படங்கள், அதாவது தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் போன்றோரின் வாழ்க்கையைப் பேசும் படங்கள், திரையிடுகிறோம். கையில் சிக்கிய பதினொன்றில் எட்டு, தாலியிலோ மோதிரத்திலோ போய் முடிகின்றன. ஒன்றில் மாமியார் புது மருமகனுக்குப் பட்டு வேட்டி எடுத்துக் கொடுத்ததும் சுபம்! சாதியும் சீரும் அப்படியே இருக்க, ஜோடி மட்டும் மாறினால் போதுமா?

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. அந்த உரிமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல, ‘தேர்ந்தெடுத்த குடும்பம்’ என்பதும் உண்டு என்றதே, அதைப் பேசும் படம்தான் தேடுகிறேன். வாடகை வீட்டில் சேர்ந்து வாழும் தோழிகள், ஜமாத்தில் (திருநங்கைகள் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் குடும்பத்தில்) மகள்களை வளர்க்கும் திருநங்கை அம்மா, இப்படி.

20 நிமிடத்துக்குள், சுயாதீனமாக எடுத்தது. சப்டைட்டில் நாங்களே போட்டுக்கொள்கிறோம். இயக்குநரிடம் அனுமதி வாங்க வழி தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.