ரப்பர் தடி பீலிங் யூனிட்: பெரும்பாவூரை நம்பிப் போடலாமா?

கேள்வி:
மார்த்தாண்டம் பக்கம் சின்னதாக ஒரு பீலிங் யூனிட் (ரப்பர் மரத்தடியை மெல்லிய தகடாகச் சீவும் ஆலை) போட்டு, கோர் வெனீரை, அதாவது பிளைவுட்டின் உள்ளடுக்குக்கான தகட்டை, கேரளத்தின் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்கு அனுப்பலாம் என்று எண்ணம். ஆனால் தடி விலை ஏறும் அளவுக்கு வெனீர் விலை ஏறுவதில்லை என்கிறார்கள். ஏன்?

பதில் 1:
ரப்பர் மரம் வெட்டுக்கு விழுவது ரப்பர் பால் விலையைப் பார்த்து. பிளைவுட் தேவையைப் பார்த்து அல்ல. 2024 ஆகஸ்டில் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. அப்படி விலை இருக்கும்போது கிழட்டு மரத்தைக்கூட யாரும் வெட்டக் கொடுக்கமாட்டார்கள். மழையில் லாரி தோட்டத்துக்குள் இறங்காது. குமரிக்கு இரண்டு பருவமழை வேறு. தடி வரத்து குறைந்து விலை ஏறுவது இப்படித்தான். மறுபக்கம், ஹரியானாவின் யமுனாநகரிலிருந்து பாப்லர் மரத்துப் பிளைவுட்டும் அதே கடைகளுக்குத்தான் வருகிறது. அதனால் பெரும்பாவூர்க்காரர் நினைத்த விலை வைக்க முடியாது. அந்த நெருக்கடி வெனீர் விலையில்தான் இறங்கும்.

எடைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 65% ஈரத்தில் (காய்ந்த மர எடைக்கு 65% தண்ணீர் என்ற கணக்கு) வாங்கும் 1 டன் தடியில் தண்ணீரே சுமார் 390 கிலோ. 10% ஈரத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது 670 கிலோவுக்குள். பட்டை, தடியை உருண்டையாக்கும்போது விழும் ரவுண்டப் கழிவு, சீவ முடியாமல் மிஞ்சும் நடுத்தண்டு எல்லாம் அதற்குமேல் போகும். எடை குறையட்டும் என்று தடியைப் போட்டுவைத்தால் சில நாளில் பூஞ்சையால் நீலக்கறை ஏறிவிடும்.

பதில் 2:
முதலில் வனத்துறை உரிமம். மர ஆலைகளையும் கட்டுப்படுத்திய 1996 டிசம்பர் 12 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இதில் விளையாட முடியாது. உரிமம் கைக்கு வராமல் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்:
டிரையர் இல்லாமல் வெயிலில் காயவைத்து அனுப்பினால் போதாதா?

பதில் 3:
கோடையில் ஓடும். மழையில் ஈரம் தங்கிய வெனீர் அடுக்குகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் ஹாட் பிரஸ்ஸில் 110 டிகிரிக்கு மேல் போனதும் உள்ளே நீராவி அடைத்து, பிரஸ் திறக்கும்போது பிளைவுட்டில் கொப்புளம் விழும். நஷ்டத்தை உங்கள் பில்லில்தான் கழிப்பார்கள். 2025-லிருந்து பிளைவுட்டுக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயமாகிவிட்டதால், முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட தடிமன் வேறுபாட்டையும் இப்போது அளந்து பார்க்கிறார்கள். 1.7 மி.மீ. என்று பேசினால் இரு முனையிலும் 1.7 இருக்க வேண்டும். கத்தி மழுங்கினாலும், கத்திக்கும் ரோலருக்கும் இடைவெளி ஒரு பக்கம் விலகினாலும் அது கெடும். பால் வெட்டிய அடித்தடியில் பால் பிடிக்கும் சிரட்டையைக் கட்டிய கம்பி, ஆணி புதைந்திருக்கும். பட்டை உரித்ததும் மெட்டல் டிடெக்டரால் ஒருமுறை தடவிவிட்டு ஏற்றுங்கள். டிரையருக்கு முதல் இல்லையென்றால் ஈர வெனீராகவே, அன்றன்றைக்கே, டிரையர் வைத்திருக்கும் ஆலைக்குக் கொடுங்கள். விலை குறைவுதான், ஆனால் சரக்கு திரும்பி வராது.