வெறும் மண்மேட்டைப் பார்க்க டோர்செட் வரை போகலாமா?

திருநெல்வேலியான்:
அடுத்த மாதம் இங்கிலாந்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். பக்கத்தில், டோர்செட் மாவட்டத்து டோர்செஸ்டர் ஊருக்கு வெளியே, மேய்டன் காசில் என்ற பழைய குன்றுக்கோட்டை இருக்கிறதாம். படத்தில் பார்த்தால் புல் முளைத்த மேடும் பள்ளமும்தான். மச்சான் "அங்கே ஒன்றுமில்லை" என்கிறார். எனக்கு விளங்காதது இதுதான்: எங்கள் தோட்டத்து வரம்பு ஒரு மாரி மழைக்கே கரைந்து போகிறது, அந்த மண் எப்படி 2,000 வருடத்துக்கு மேல் நிற்கிறது, அதை வைத்து எதிரியை எப்படித் தடுத்தார்கள்?

கொக்குவில் பெடியன்:
கட்டாயம் போங்கள் அண்ணை, நான் போய் நடந்திருக்கிறேன். அது எங்கள் செம்மண் மாதிரி இல்லை, பள்ளிக்கூடத்துச் சோக்கட்டி போன்ற வெண்சுண்ணாம்பு. தண்ணீர் கீழே வடிந்துவிடும், மேலே புல்வேர் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கி.மு. 600 அளவில் சிறிதாகத் தொடங்கி, கி.மு. 450 அளவில் கிட்டத்தட்ட 47 ஏக்கருக்குப் பெருப்பித்தார்கள், எங்கள் கணக்கில் 750 பரப்புக் காணி! அகழி வெட்டிய மண்ணையே பக்கத்தில் அணையாகக் குவித்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பல வரிசை. பள்ளத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்: ஓடி வருகிறவன் மூச்சு வாங்க ஏறி, திரும்பவும் இறங்க வேண்டும், மேலே நிற்பவன் கவண்கல் எறிந்துகொண்டிருப்பான். ஒரே குழியில் 20,000க்கு மேல் கவண்கற்கள் கிடைத்தன, கடற்கரையில் பொறுக்கிய உருண்டைக் கற்கள்.

பண்ணைக் காற்று:
யாழ்ப்பாணக் கோட்டையிலும் மண்தான் பாதி வேலை செய்கிறது தம்பி. வெளியே முருகைக்கல், கொத்தளத்துக்குள்ளே மண். பீரங்கிக் குண்டு மண்ணுக்குள் புதைந்துவிடும். அகழிக்கு வெளியே மெல்லச் சரியும் மேட்டைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் ஒல்லாந்தர் போட்டதுதான். அது ஏறவிடாமல் தடுக்க அல்ல, எதிரிக்கு ஒளிய இடமில்லாமல் செய்து, சுவரின் அடியையும் நேரடிக் குண்டிலிருந்து மறைக்க. காலமும் ஆயுதமும் வேறு, அதனால் சரிவும் வேறு.

கந்தரோடை வாசி:
இன்னொன்று. 1934 முதல் 1937 வரை மேய்டன் காசிலில் அகழ்ந்த தொல்லியலாளர் மோட்டிமர் வீலர்தான் 1945 இல் புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேடு என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டினார். அரிக்கமேட்டில் அவர் காலம் கணித்த ரவுலட்டட் மட்பாண்டம் (சக்கரக் கருவியால் புள்ளிக்கோலம் உருட்டிய பழைய பாத்திரம்) எங்கள் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் 1970 அகழ்வில் வந்தது. அதனால் எனக்கு அந்தக் குன்று அந்நியமாகத் தெரிவதில்லை. கிழக்கு வாசலில் கிடைத்த எலும்புக்கூடுகளை வைத்து, ரோமர்கள் இந்தக் கோட்டையைத் தாக்கி ஆட்களைக் கொன்றதாக வீலர் எழுதினார். 1985, 86 இல் மறுபடி அகழ்ந்த பிறகு அந்தக் கதையை அப்படியே ஏற்பதில்லை, அங்கே யாராவது சொன்னால் நினைவில் வையுங்கள்.

திருநெல்வேலியான்:
நன்றி. மச்சானையும் இழுத்துக்கொண்டு போகிறேன். கோட்டைக்குள் போகக் காசு உண்டா?

கொக்குவில் பெடியன்:
இல்லை அண்ணை. நல்ல சப்பாத்துப் போடுங்கள், மழை பெய்தால் அந்தச் சுண்ணாம்பு சரியாக வழுக்கும்.