மியான்மர் இராணுவ ஆட்சியுடன் இந்தியா பேசிவருவதால் அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்கு என்ன பயன்?

கோமதி, ஜனக்புரி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் ரங்கூனில் பிறந்தவர். 1962இல் பர்மாவில் (இன்றைய மியான்மர்) இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளை அரசுடைமையாக்கியபோது, ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அதே 1964இல்தான், பின்னாளில் அந்நாட்டு மக்களாட்சி இயக்கத்தின் தலைவரான ஆங் சான் சூ சி தில்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் பட்டம் பெற்றார் என்பதை அவர் அடிக்கடி நினைவுகூர்வார். அதனால் பர்மாச் செய்திகளை எங்கள் வீட்டில் வெளியூர்ச் செய்தியாக யாரும் படிப்பதில்லை.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் விகாஸ்புரியில், மியான்மரிலிருந்து வந்த சின் இனக் குடும்பங்கள் நெடுநாளாக வாடகைக்கு இருக்கின்றன. எனக்குத் துணி தைத்துத் தரும் பெண்மணியும் அவர்களில் ஒருவர். ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுத்த அட்டையை இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் போட்டு, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் நூற்கண்டுகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறார். சென்ற வாரம் அதை எடுத்துக் காட்டி, "இது இருந்தும் என் பையனுக்கு ஆதார் இல்லை என்று பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்றார். பையனுக்கு ஒன்பது வயது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

2021 பிப்ரவரி 1 அன்று நடந்த இராணுவப் புரட்சிக்குப் பிறகும் நம் அரசு அந்தத் தளபதிகளுடன் தொடர்பை விடவில்லை. 2025 மார்ச் நிலநடுக்கத்தின்போது மீட்புக் குழுக்களை அனுப்பியது. அடுத்த மாதமே பாங்காக்கில் பிரதமர், அந்த இராணுவ ஆட்சியின் தலைவர் மின் ஆங் லைங்கைச் சந்தித்தார். நிவாரணம் அனுப்பியதில் எனக்கு மனநிறைவே. பேசுவதையும் நான் குறைகூறவில்லை. அந்தப் பேச்சில் மனித உரிமைக்கு இடம் உண்டா, அதனால் இதுவரை என்ன கிடைத்தது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இராமநாதன், ஆர்.கே. புரம்:

அம்மா, அரசின் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மியான்மருடன் நமக்கு 1,643 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. அருணாசலம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் ஆகிய நான்கு மாநிலங்கள் அதை ஒட்டியவை. வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள் எல்லைக்கு அப்பால் முகாமிடுவதால், அந்நாட்டு இராணுவத்தின் ஒத்துழைப்பு தேவை என்று தில்லி கருதுகிறது. இராணுவ ஆட்சிக்கு எதிராக அங்கே 1988இல் நடந்த மக்கள் எழுச்சியின்போது இந்தியா வெளிப்படையாக மக்களாட்சி பக்கம் நின்றது. தப்பி வந்த மாணவர்களுக்கு இடம் கொடுத்தது. சூ சி வீட்டுக்காவலில் இருந்தபோதே 1993ஆம் ஆண்டுக்கான நேரு விருதையும் வழங்கியது. தளபதிகள் சீனாவின் பக்கம் சாய்ந்ததைக் கண்டபின் 1990களில் போக்கு மாறியது. கல்கத்தாவையும் மியான்மரின் சிட்வே துறைமுகத்தையும் இணைத்து, ஆற்றுவழியாகவும் சாலைவழியாகவும் மிசோரம் வரை செல்லும் கலாதான் திட்டம் அந்த மாற்றத்தின் விளைவுதான்.

மனித உரிமை பேசப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் மியான்மர் தலைநகர் நேபிடா சென்ற வெளியுறவுச் செயலர் ஷ்ரிங்லா, சூ சியைச் சந்திக்க அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். 2022 ஜூலையில் நான்கு மக்களாட்சி ஆர்வலர்களைத் தூக்கிலிட்டபோது இந்தியா ஆழ்ந்த கவலை தெரிவித்தது. கதவைச் சாத்திவிட்டால் கேட்கக்கூட வழியிருக்காது என்பது என் கருத்து.

தமிழ்ச்செல்வி, மயூர் விகார்:

இராமநாதன் ஐயா சொன்ன தகவல்கள் சரியானவை. முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2021 மார்ச் 27 அன்று நேபிடாவில் நடந்த இராணுவ அணிவகுப்பில் நம் பிரதிநிதியும் அமர்ந்திருந்தார். அன்று ஒரே நாளில் அந்நாட்டுத் தெருக்களில் நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூனில், அந்த வன்முறையைக் கண்டித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 119 நாடுகள் ஆதரித்தன. வாக்களிக்காமல் ஒதுங்கிய 36 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் மியான்மர் தீர்மானம் வந்தபோதும் சீனா, ரஷ்யாவோடு சேர்ந்து ஒதுங்கியே நின்றோம். புரட்சிக்குப் பிறகு இந்திய நிறுவனங்களிடமிருந்து சுமார் 5.1 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் அவற்றுக்கான பொருள்களும் மியான்மருக்குப் போயிருக்கின்றன என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் எழுதினார். கவலை தெரிவித்த வாய்க்கும் இதற்கும் எப்படிப் பொருந்தும்?

தமிழர்களாகிய நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று. 2009 மே மாதம், முள்ளிவாய்க்கால் முடிந்த சில நாள்களிலேயே, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அவையில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2012இலும் 2013இலும் இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. 2014இலும், மீண்டும் 2021, 2022இலும் ஒதுங்கிக்கொண்டது. இடையில் அந்த இரண்டு ஆண்டுகள் மட்டும் வாக்கு மாறியதற்குத் தமிழ்நாட்டிலிருந்து எழுந்த அழுத்தமே முதன்மையான காரணம் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். சின் மக்களுக்காக அப்படிக் குரல் கொடுக்க மிசோரம் மட்டுமே இருக்கிறது. வருபவர்களைத் தடுக்கும்படி 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் எழுதியபோது, எங்கள் இரத்த உறவுகளை எப்படித் திருப்பி அனுப்புவது என்று அந்த மாநிலம் கேட்டது. பிறகு முப்பதாயிரம் பேருக்கு மேல் தங்கவும் வைத்தது. சிறிய மாநிலம், அதற்கென்று பெரிய வருவாயும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

வழக்கறிஞர், லாஜ்பத் நகர்:

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. ஆகவே அந்த அட்டை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது அந்தந்த அலுவலகத்தின் மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. 2021 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியா முஸ்லிம்களை உரிய நடைமுறையைப் பின்பற்றித் திருப்பி அனுப்பலாம் என்றது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 3 அன்று மணிப்பூர் உயர் நீதிமன்றம், மியான்மரிலிருந்து வந்த ஏழு பேர் பாதுகாப்பாகத் தில்லிக்குச் சென்று ஐ.நா. ஆணையத்தை அணுக அனுமதித்தது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பாமை அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றும் அது கருதியது.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறது. குடிமக்களின் குழந்தைகள் என்று அது வரையறுக்கவில்லை. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகத் திருப்பி அனுப்புபவர்கள் எழுதித் தரும்போது யோசிப்பார்கள்.

கோமதி, ஜனக்புரி:

மூவருக்கும் மிக்க நன்றி. தளபதிகளோடு பேசும் அரசு, அவர்களிடமிருந்து தப்பி வந்து நம் ஊரிலேயே இருப்பவர்களுக்கு ஓர் அடையாளத் தாள் தருவதற்கு எந்த நாட்டின் ஒப்புதலும் தேவையில்லை என்பது இப்போது எனக்குப் புரிகிறது. இதை எங்கள் தொகுதி மக்களவை உறுப்பினருக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழ்ச்செல்வி அவர்கள் பார்த்துத் திருத்தித் தந்தால் உதவியாக இருக்கும். பள்ளிக்கான விண்ணப்பத்தை இந்தியில் எழுதி இரண்டு நகல் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை அந்தப் பெண்மணியோடும் பையனோடும் நானும் போகிறேன்.