குவேசார் ஒளியில் செம்பெயர்ச்சியையும் ஆல்ஃபா மாற்றத்தையும் எப்படிப் பிரிக்கிறாங்க?

கோடுதேடி:
எம்.எஸ்சி இயற்பியல் முதல் வருஷம் படிக்கிறேன். நுண்ணமைப்பு மாறிலி (மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கிற ஆல்ஃபா, ஏறக்குறைய 1/137) காலப்போக்கில் மாறியிருக்கானு குவேசார் (ரொம்பத் தூரத்து விண்மீன் மண்டலத்தின் பிரகாசமான மையம்) ஒளியை வச்சுப் பார்க்கிறாங்கனு வகுப்பில் ஒரே வரியில் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்த ஒளி எப்படியும் செம்பெயர்ச்சியோடதான் (பிரபஞ்சம் விரியுறதால அலைநீளம் நீண்டு) வருது. நிறமாலையில் எல்லாக் கோடும் நகர்ந்தே இருக்கும்போது ஆல்ஃபாவோட பங்கு எவ்வளவுனு எப்படித் தெரியும்? ஒளியின் வேகம் மாறுதானு நேரா அளந்துட்டா போச்சே?

அரைவேக்காடு:
கடைசிக் கேள்விக்கு மட்டும் சொல்றேன். 1983-ல இருந்து மீட்டரையே ஒளி வேகத்தை வச்சுத்தான் வரையறுக்கிறோம். அளவுகோலும் கூடவே மாறினா எதை எதோட ஒப்பிடுவீங்க? அலகில்லாத எண்ணைத்தான் சோதிக்க முடியும். ஆல்ஃபா அப்படி, புரோட்டான்-எலக்ட்ரான் நிறை விகிதம் 1836-உம் அப்படி.

பழைய நிறமாலைக்காரன்:
தம்பி, செம்பெயர்ச்சி எல்லா அலைநீளத்தையும் ஒரே விகிதத்தில் இழுக்கும். ஆல்ஃபா மாறினா கோட்டுக்குக் கோடு வித்தியாசப்படும். மக்னீசியத்தின் 2796, 2803 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளம்) கோட்டு ஜோடி அதிகம் நகராது, கிட்டத்தட்ட நங்கூரம் மாதிரி. இரும்பின் 2382 நல்லா நகரும். அதே இரும்பின் 1608 எதிர்ப்பக்கம் போகும்!

நகர்வுதான் ரொம்பப் பொடிசு. அதை டாப்ளர் மாதிரி வேகக் கணக்கில் சொல்லுவோம். ஆல்ஃபா லட்சத்தில் ஒரு பங்கு மாறினா 2796-க்கும் 2382-க்கும் நடுவில் வினாடிக்கு சுமார் 170 மீட்டர் வித்தியாசம் வரும். என் தரவில் ஒரு பிக்சலே வினாடிக்கு 2 கிலோமீட்டர்.

கெக் தொலைநோக்கித் தரவில் ஆல்ஃபா முன்பு லட்சத்தில் அரைப் பங்கு குறைவா இருந்ததுனு ஜான் வெப் என்ற ஆய்வாளரின் குழு சொன்னது. 2011-ல சிலியில் இருக்கிற வி.எல்.டி. தொலைநோக்கியின் தரவு வந்ததும் வானத்தின் இன்னொரு பக்கம் கூடுதல்னு ஆச்சு. அப்போ நான் ஆராய்ச்சி மாணவன். என் குவேசார்லயும் ஒரு நகர்வு வந்தது, ஒரு வாரம் தூக்கம் இல்லை. அப்புறம்தான் விளக்கு விவகாரம் புரிஞ்சுது. அலைநீளம் குறிக்கிற தோரியம்-ஆர்கான் விளக்கொளி, கருவியின் நுழைவுப் பிளவு முழுக்க நிரம்பும், குவேசார் ஒளி நடுவில் பொட்டு மாதிரி விழும். ரெண்டும் கருவிக்குள்ள ஒரே பாதையில் போகாது. சிறுகோள் மேல பட்டு வந்த சூரிய ஒளியை அதே கருவியில் எடுத்துப் பார்த்தா, நீலத்திலிருந்து சிவப்பு வரைக்கும் அளவுகோலே சாய்ஞ்சு கிடக்கு. என் கண்டுபிடிப்பு அதோட காலி.

கோடுதேடி:
அய்யோ! அப்போ மாறவே இல்லையா அண்ணா? 1608 மட்டும் ஏன் எதிர்ப்பக்கம்?

பழைய நிறமாலைக்காரன்:
வி.எல்.டி.யில் பின்னாடி வந்த எஸ்பிரஸ்ஸோ நிறமாலைக் கருவியில் ஒளி ஃபைபர் வழியா கலங்கித்தான் உள்ளே போகும், அந்தப் பாதைத் தகராறு பெரும்பாலும் தீர்ந்துது. 2022-ல ஒரு பிரகாசமான குவேசாரை வச்சுப் பார்த்ததில், பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு பிழைக்குள்ள மாற்றம் தெரியலை.

1608 கேள்விக்கு வர்றேன்: 2382-ல 4எஸ் எலக்ட்ரான் 4பி-க்கு (4எஸ், 4பி, 3டி எல்லாம் அணுவில் எலக்ட்ரானின் ஆற்றல் நிலைகள்) ஏறுது. 1608-ல ஏறுறது 3டி எலக்ட்ரான். சார்பியல் திருத்தம் 4எஸ்-ஐ கீழே இழுக்கும், 3டி-யை மேலே தள்ளும். அதான் குறி மாறுது.

அரைவேக்காடு:
வானத்தை விட்டுட்டு மண்ணையும் பாருங்க. காபோனில் ஓக்லோ யுரேனியச் சுரங்கத்தில் சுமார் 200 கோடி வருஷத்துக்கு முன்னாடி தானா ஓடின அணு உலை 1972-ல தெரிய வந்தது. அங்க சமேரியம்-149 நியூட்ரானை விழுங்கித் தீர்ந்த அளவை வச்சு 1976-லயே ஷ்லியாக்டர் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டார்; அந்த விழுங்குற அளவு ஆல்ஃபாவைப் பொறுத்தது. ஆல்ஃபா மட்டும்தான் மாறும்னு எடுத்துக்கிட்டா, குவேசாரைவிட இறுக்கமான வரம்பு கிடைக்குது. மத்த மாறிலிகளும் கூடவே மாறியிருக்கலாமே, அந்த 'மட்டும்'லதான் சண்டையே.